விமானக் கொட்டகைகளும் வட்டார வரலாறும்

வானில் செல்லும் ஊர்தியைத் தமிழ் இலக்கியம் நெடுங்காலமாக அறியும். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் நலங்கிள்ளியைப் பாடிய புறநானூற்று 27ஆம் பாட்டு, புலவர் பாடும் புகழுடையோர் செலுத்துவோன் இல்லாத வான ஊர்தியை எய்துவர் என்ற நம்பிக்கையைப் பதிவு செய்துள்ளது. சீவக சிந்தாமணியில் சச்சந்தன், கருவுற்ற தன் தேவி விசயையை மயிற்பொறியில் ஏற்றி அனுப்புகிறான். பொறி சுடுகாட்டில் இறங்குகிறது. அங்கே சீவகன் பிறக்கிறான். அதன்பின் காப்பியம் அன்னையையும் மகவையும் பின்தொடர்ந்து செல்கிறது, பொறி பின்தங்கிவிடுகிறது. பறப்பைப் பாடிய புலவர்களுக்கு, பறந்த பொறி தங்கும் கொட்டிலைப் பற்றிப் பேசவேண்டிய தேவை எழவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் மெய்யாகவே விமானம் வந்தபோது அந்தத் தேவை எழுந்தது. தமிழ்நாட்டின் பல ஊர்ப்புறங்களில் ஓடுதளங்களும் கொட்டகைகளும் எழுந்தன. சில நிலைத்தன, பல மறைந்தன. திட்டக்குடியிலிருந்து விருத்தாசலம் வழியே ஒரு பேருந்துப் பயணத் தொலைவிலுள்ள உளுந்தூர்ப்பேட்டையில் அவ்வாறு எழுந்த ஓடுதளம் ஒன்று உண்டு. நெடுஞ்சாலையில் செல்வோர் அதைக் கண்டிருப்பர், கேள்விப்பட்டும் இருப்பர். அதன் பின்னணியை முழுமையாக எண்ணிப் பார்த்தவர் சிலரே.

கொட்டிலும் மாடமும்

விமானம் நிறுத்தும் கூடத்திற்கு உலகெங்கும் வழங்கும் 'ஹாங்கர்' என்ற பெயர் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. வண்டியும் வேளாண் கருவிகளும் நிறுத்தும் திறந்த கொட்டகையே அச்சொல்லின் பழைய பொருள். வண்டிக் கொட்டகை, மாட்டுக் கொட்டகை என்று வழங்கிவரும் தமிழ் உழவனுக்கு இது அயலான கருத்தன்று. வானூர்தியின் வீடு, பிறப்பால் ஓர் உழவன் வீட்டுக் கொட்டிலே.

ஆயினும் மாட்டுக் கொட்டகைக்கு இல்லாத ஒரு நிபந்தனை விமானக் கொட்டகைக்கு உண்டு. உள்ளே நடுத்தூண் இருத்தல் கூடாது. இறக்கையின் முழு அகலமும் தடையின்றி உள்ளே நுழைய வேண்டும். ஆகவே முன்புறம் முழுவதும் கதவாகத் திறக்க வேண்டும். கூரையின் பாரம் அனைத்தையும் பக்கச் சுவர்களே தாங்க வேண்டும். இதனால்தான் விமானக் கொட்டகைகள் வளைந்த கூரையையோ முக்கோணச் சட்டங்கள் கோத்த அகன்ற கூரையையோ கொண்டன.

தொடக்ககால விமானங்கள் மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்தி மெருகெண்ணெய் பூசியவை. வெயில் துணியைத் தளர்த்தும். மழை மரத்தை ஊறவைக்கும். காற்று பொறியையே புரட்டிவிடும். கொட்டகை அன்று அலங்காரமன்று, உயிர்க்காப்பு. மரத்தாலான மஸ்கிட்டோ விமானங்கள் இரண்டாம் உலகப் போரில் இந்தியாவுக்கு வந்தபோது இது மீண்டும் மெய்யாயிற்று. 1944இன் இறுதியில் இறக்கைகளின் பிணைப்பு விட்டு விபத்துகள் நேர்ந்தமையால் அவ்விமானங்களின் பறப்பு நிறுத்திவைக்கப்பட்டது. நாட்டின் வெப்பமும் ஈரமும் காரணமா, ஆலையில் நேர்ந்த பொருத்தப் பிழை காரணமா என்பது பெரும் வழக்காயிற்று.

இவ்வட்டார மக்களுக்கு வளைகூரையைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. திட்டக்குடிக்கு அருகிலுள்ள பெண்ணாடத்துத் திருத்தூங்கானை மாடம், படுத்துறங்கும் யானையின் முதுகுபோல் வளைந்த கூரை கொண்டது. கருவறைமேல் எழும் அத்தகைய கட்டடத்தைத் தமிழ் 'விமானம்' என்றே அழைக்கிறது. வானில் செல்லும் பொறிக்கும் அதுவே பெயர். உறைவிடத்திற்கும் ஊர்திக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்ட மொழி, ஊர்தியின் உறைவிடத்திற்கு மட்டும் வெறும் 'கொட்டகை' என்ற சொல்லோடு நின்றது. வரலாறும் அவ்வளவோடு நின்றுவிட்டது.

சென்னையில் தொடக்கம்

தமிழகத்தின் விமான வரலாறு ஒரு விடுதிக்காரரிடமிருந்து தொடங்குகிறது. கார்சிகாத் தீவினரான ஜாக்கோமோ டி ஏஞ்சலிஸ் சென்னை மவுண்ட் ரோட்டில் விடுதி நடத்தியவர். சிம்ப்சன் நிறுவனத்தின் துணையோடு ஒரு விமானத்தை உருவாக்கி, 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் பறக்கச் செய்தார். ரைட் சகோதரர்களின் முதற் பறப்பு நிகழ்ந்து அப்போது ஏழு ஆண்டுகள்கூட நிறையவில்லை. அலகாபாத்திலிருந்து யமுனையைத் தாண்டி நைனிக்கு ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி தபால் கொண்டுசென்றது 1911 பிப்ரவரி 18ஆம் நாள். சென்னைப் பறப்பு அதற்கும் ஓராண்டு முந்தியது.

1930ஆம் ஆண்டளவில் சென்னைப் பறப்புக் கழகம் செயற்படத் தொடங்கியது. 1932 அக்டோபர் 15ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் மூட்டையோடு புறப்பட்டு, அகமதாபாத் வழியாகப் பம்பாயில் இறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதை ஏற்றுக்கொண்டு பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். இந்திய வான்வழித் தபாலின் தென்முனை சென்னையாயிற்று. அக்காலத்தில் டாட்டா நிறுவனத்தின் ஜுஹு நிலையம் ஓலை வேய்ந்த ஒரு குடிசையில் இயங்கியது என்பதும், மழைக்காலத்தில் ஜுஹு நீரில் மூழ்குவதால் பறப்பைப் பூனாவுக்கு மாற்றிக்கொண்டனர் என்பதும் பலரும் அறிந்தவை. பின்னாளில் நாட்டின் பெரும் விமான நிறுவனமாக வளர்ந்த ஒன்றின் முதற்கூரை ஓலைக்கூரையே.

சென்னையின் பங்கு கடல் கடந்தும் சென்றது. 1935 நவம்பர் 27ஆம் நாள் கொழும்புக்கு அருகே இரத்மலானையில் புதிதாக அமைந்த நிலையத்தில் முதன்முதலாக இறங்கிய விமானத்தைச் செலுத்தி வந்தவர், சென்னைப் பறப்புக் கழகத்தின் தலைமைப் பயிற்சியாளரான டிண்டேல் பிஸ்கோ ஆவார். 1938இல் கராச்சித் தபால் தடம் திருச்சி வழியாகக் கொழும்புவரை நீண்டது. ஆனால் இந்தத் தடங்கள் யாவும் நகரங்களைத் தொட்டவை. தென்னார்க்காட்டு மானாவாரி நிலத்தில் இறங்கவேண்டிய தேவை எந்தத் தபால் விமானத்திற்கும் இருக்கவில்லை. அத்தேவையை உண்டாக்கியது போர்.

போர் வந்த வழி

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்ரல் 5ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 6ஆம் நாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9ஆம் நாள் திருகோணமலை தாக்கப்பட்டது. வங்கக் கடலில் எதிரிக் கப்பல்கள் உலவின. சென்னை மக்கள் மூட்டை முடிச்சுகளோடு உள்நாட்டு ஊர்களுக்கு வந்தனர். அரசு அலுவலகங்கள் பலவும் வெளியூர்களுக்குப் பெயர்ந்தன. மறு ஆண்டு அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் சென்னையின்மேல் வந்து குண்டு வீசியும் சென்றது.

கிழக்குக் கடற்கரையைக் காக்கவும், கடலில் செல்லும் கப்பல்களுக்குத் துணை செல்லவும், பர்மாவை மீட்கும் போருக்கு ஆயத்தம் செய்யவும் விமானத் தளங்கள் வேண்டியிருந்தன. இந்தியா முழுவதும் இருநூறு அளவில் தளங்கள் அமைக்கத் திட்டமிடப்பட்டது. தமிழகத்தில் சோழவரம், தாம்பரம், அரக்கோணம், உளுந்தூர்ப்பேட்டை, தஞ்சாவூர், செட்டிநாடு, இராமநாதபுரம், கயத்தாறு, சூலூர் முதலிய இடங்கள் அந்த வரைபடத்தில் இடம்பெற்றன. கனரகக் குண்டுவீச்சு விமானங்கள் இறங்கவேண்டிய இடத்தில் ஓடுதளம் 2000 கெஜ நீளமும் 50 கெஜ அகலமும் இருக்கவேண்டும் என்பது அக்காலத்துப் பொது அளவு. ஒரு மைலுக்கும் மேற்பட்ட நீளத்தில் மேடு பள்ளமின்றி நிலத்தைச் சமன்செய்வது என்பது எந்த ஊருக்கும் பெரிய வேலை.

உளுந்தூர்ப்பேட்டையின் நிலம்

உளுந்தூர்ப்பேட்டைக்கு இத்தகைய தளத்திற்கு வேண்டிய மூன்று வாய்ப்புகளும் இருந்தன. சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலை அவ்வழியே செல்கிறது. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சியை எட்டும் இருப்புப்பாதை 1920களின் இறுதியில் அமைந்துவிட்டது. நிலமோ பெரிதும் சமவெளி, கடற்கரையிலிருந்து உள்ளடங்கியது, கப்பற் பீரங்கிக்கு எட்டாதது. சிமெண்டும் எரிபொருளும் தொடர்வண்டியில் வந்திறங்க முடியும். வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யும் இராணுவ அதிகாரிக்கு வேறென்ன வேண்டும்?

வரைபடத்தில் வெற்றிடமாகத் தெரிந்த இடம் ஊராருக்கு வெற்றிடமன்று. கம்பும் வரகும் விளைந்த கொல்லை, ஆடு மேய்த்த தரிசு, ஏரிக்கு நீர் கொணர்ந்த வாய்க்கால், வரப்பில் நின்ற எல்லைக்கல் ஆகியவை சேர்ந்ததே தென்னார்க்காட்டுப் புன்செய் நிலம். போர்க்காலத்தில் இந்தியப் பாதுகாப்பு விதிகள் அரசுக்கு அளித்த அதிகாரத்தின்கீழ் நிலம் எடுக்கப்படும்போது, ஆணை ஒரே தாளில் முடியும். அந்நிலத்தை உழுதவனுக்கோ அது தலைமுறைக் கணக்கு. ஆணையை எழுதியவர்களின் பதவியும் பெயரும் கோப்பில் நிற்கும். நிலத்தை விட்டு எழுந்தவர்களின் பெயர் கிராமக் கணக்கில் மட்டும் நிற்கும். அதுவும் யாரேனும் தேடினால்தான்.

இந்தியாவில் போர்க்காலத் தளங்கள் பலவும் இயந்திர வலிமையைவிட மனித வலிமையாலேயே உருவாயின. மண்வெட்டி, கடப்பாரை, மூங்கிற்கூடை, கல்லுடைக்கும் சம்மட்டி ஆகியவையே கருவிகள். ஆண்கள் வெட்ட, பெண்கள் தலையில் சுமக்க, சிறுவர் சல்லி பரப்பினர். ஏரிக்கரை உயர்த்தும் குடிமராமத்து வேலையை அறிந்த கைகளே, என்றும் கண்டிராத விமானத்திற்கும் பாதை சமைத்தன.

கழற்றக்கூடிய வீடு

போர்க்காலக் கொட்டகைகளின் இயல்பை அறிந்தால் அவை மறைந்த காரணமும் விளங்கும். 1936இல் பிரிட்டிஷ் விமான அமைச்சகத்திற்காக வடிவமைக்கப்பட்ட 'பெல்மன்' கொட்டகை முழுவதும் எஃகுச் சட்டங்களால் ஆனது. ஏறத்தாழ 175 அடி நீளமுடையது. அதன் சிறப்பு அளவன்று. எல்லா உறுப்புகளும் ஒரே அச்சில் செய்யப்பட்டவை, மரையாணிகளால் பூட்டப்பட்டவை. சிறு தொழிலாளர் குழுவொன்று அதை நிறுத்தலாம். அவ்வாறே கழற்றிப் பிரித்து வேறிடம் கொண்டுபோகலாம். 'பிளிஸ்டர்' என்ற மற்றொரு வகை, தரையில் கவிழ்த்த வளைவு மட்டுமே. ஆழ்ந்த அடித்தளமும் வேண்டாதது. பகைவரின் குண்டுக்கு ஒரே இலக்காகாதபடி இத்தகைய சிறு கூடங்களையும் மண்திட்டுக் காப்பிடங்களையும் தளத்தைச் சுற்றிச் சிதறலாக அமைப்பது போர்க்கால வழக்கம்.

போர் முடிந்ததும் நாடெங்கும் இராணுவத்தின் மிகைப் பொருள்கள் ஏலத்திற்கு வந்தன. டக்கோட்டா விமானங்களே அவ்வாறு விற்கப்பட்டு, புதிதாகத் தோன்றிய இந்திய விமான நிறுவனங்களுக்கு முதலாயின. எஃகுக்குப் பெரும் தட்டுப்பாடு நிலவிய காலத்தில் கழற்றக்கூடிய கூரையின் கதி என்னவாகும் என்பதை ஊகிக்க அரிய அறிவு தேவையில்லை. கொட்டகை கழன்று சென்றது, ஓடுதளம் கிடந்தது. கல்லும் சிமெண்டும் இறுகிய தரையை யாராலும் பெயர்த்துச் செல்ல முடியாது. அதனால்தான் நாட்டில் பல பழைய தளங்களில் பாதை மட்டும் எஞ்சியிருக்கிறது. வீட்டை இழந்த முற்றம் போன்றது அக்காட்சி.

பறவைப் பெயர்கள்

கவிஞர்கள் அறிந்து மகிழவேண்டிய செய்தியொன்று இவ்வரலாற்றில் உண்டு. தரையிலுள்ள விமானத் தளத்தையும் கப்பலாகவே கருதிப் பெயரிடுவதும், அதற்குப் பறவையின் பெயரைச் சூட்டுவதும் பிரிட்டிஷ் அரச கடற்படையின் மரபு. போர்க்காலத்தில் தமிழகத்திற்கு வந்த அக்கடற்படை, இங்கிலாந்துப் பறவைகளை விட்டு இந்நாட்டுப் பறவைகளைத் தேடியது. தாம்பரம் தளம் 'வல்லூறு' ஆயிற்று. சூலூர் 'வைரி' ஆயிற்று. கோயம்புத்தூரில் அமைந்த விமானப் பழுதுபார்ப்பு நிலையம் 'கருடா' ஆயிற்று. இலங்கையில் புத்தளமும் கட்டுகுருந்தையும் 'ராஜாலிய', 'உகுஸ்ஸா' என்று சிங்களப் பறவைப் பெயர்களைப் பெற்றன. தமிழ் வேட்டுவன் வாயில் வழங்கிய வல்லூறு, அரசரின் கப்பற்பட்டியலில் ஏறியது.

விடுதலை பெற்ற இந்தியாவின் கடற்படையும் இம்மரபைக் கைவிடவில்லை. 1953இல் கொச்சியில் 'கருடா' மீண்டும் தோன்றியது. 1992 மார்ச்சில் அரக்கோணத்தின் பழைய தளம் 'ராஜாளி' என்ற பெயருடன் கடற்படை நிலையமாயிற்று. 2009 ஜூலையில் இராமநாதபுரத்தை அடுத்த உச்சிப்புளித் தளம் 'பருந்து' என்று பெயர் பெற்றது. ஒரு பெயர் சூட்டப்பட்ட தளம் நினைவில் நிற்கிறது. ஆவணமும் விழாவும் அதற்கு உண்டாகின்றன. ஊர்ப்பெயரன்றி வேறு பெயர் பெறாத தளங்கள் பேச்சிலிருந்தே நழுவுகின்றன. பெயரிடுதல் புலவரின் தொழில் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

பிந்தைய வாழ்வு

கைவிடப்பட்ட தளங்கள் யாவும் ஒரே முடிவை எய்தவில்லை. தாம்பரத்தில் 1954 முதல் விமானப்படையின் பயிற்றுநர் பள்ளி இயங்கலாயிற்று. பறக்கக் கற்பிப்போரை உருவாக்கும் பள்ளி அது. தஞ்சாவூர்த் தளம் 2013இல் விமானப்படை நிலையமாகப் புத்துயிர் பெற்று, 2020 ஜனவரியில் சுகோய் போர் விமானப் பிரிவு ஒன்றைப் பெற்றது. சூலூரில் உள்நாட்டிலேயே உருவான தேஜஸ் விமானங்கள் நிலைகொண்டன. சோழவரம் வேறு வழியில் சென்றது. சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் 1950களிலிருந்து அங்கே கார்ப்பந்தயங்களை நடத்தியது; இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தடம் 1990இல் அமையும்வரை, குண்டுவீச்சு விமானங்களுக்காக இட்ட பாதையில் பந்தயக் கார்கள் பறந்தன.

இவ்வட்டாரத்தில் நெய்வேலிக்கும் ஒரு சிறு ஓடுதளம் உண்டு. நிலக்கரி நிறுவனத்தின் தேவைக்காக எழுந்த அதில், 1981இல் தோன்றிய வாயுதூத் நிறுவனத்தின் சிறு விமானங்கள் சில காலம் வந்துபோயின. அந்நிறுவனம் 1993இல் இந்தியன் ஏர்லைன்ஸுடன் இணைக்கப்பட்டது. சிற்றூர்களை வான்வழியில் இணைக்கும் உடான் திட்டத்தின்கீழ் 2017இல் வெளிவந்த முதற்பட்டியலில் நெய்வேலியின் பெயரும் இருந்தது. நெய்வேலி மண்ணிலிருந்து நிலக்கரியோடு வெளிப்படும் வெண்களிமண் விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளில் உருமாறுவதை யாவரும் அறிவர். அம்மண் உருப்பெற்று ஊர் ஊராகச் செல்கிறது. இவ்வட்டாரத்தின் வான்வரலாறோ இன்னும் உருப்பெறாத மண்ணாகவே கிடக்கிறது.

ஏட்டில் ஏற வேண்டியவை

1942இல் பதினைந்து வயதில் கூடை சுமந்த ஒருவர் இன்றிருந்தால் நூறு வயதை நெருங்குவார். விமானம் முதலில் இறங்கிய நாளில் ஊரில் எழுந்த ஆரவாரத்தைக் கண்ணால் கண்டு சொல்லக்கூடியவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. அவர்களிடம் கேட்டவர்கள், அதாவது மகன் மகள் தலைமுறையினர், முதுமையை எட்டிவிட்டனர். வாய்மொழி வரலாற்றுக்கு இது கடைசிக் காலம்.

ஆவணத் தேட்டமும் எளிதன்று. தளம் அமைந்தபோது உளுந்தூர்ப்பேட்டை தென்னார்க்காட்டு மாவட்டத்தில் இருந்தது. 1993இல் அம்மாவட்டம் பிரிந்தபோது விழுப்புரத்தின் பங்காயிற்று. 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டத்திற்குச் சென்றது. திட்டக்குடியும் விருத்தாசலமும் கடலூர் மாவட்டத்தில் நின்றன. ஒரே நிலத்தின் கதையை மூன்று மாவட்டத் தலைநகர்களிலும் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் தேடவேண்டியுள்ளது. கிராமத்து 'அ' பதிவேடும் புலப்படங்களும் சொல்லும்: எந்தப் புல எண் எந்த ஆண்டில் பட்டா நிலம் என்ற பெயரை இழந்து அரசு நிலம் என்ற பெயரை ஏற்றது; அதற்கு முன் அது யாருடையது; இழப்பீடு எவ்வளவு; போருக்குப் பின் எது திரும்பியது, எது திரும்பவில்லை.

இவற்றைப் படை வரலாற்றாசிரியன் எழுதமாட்டான். அவனுடைய கணக்கு விமானங்களையும் படைப்பிரிவுகளையும் பற்றியது. வருவாய்த் துறையும் எழுதாது. அதன் கணக்கு ஏக்கரையும் சென்ட்டையும் பற்றியது. மண் சுமந்த பெண்கள் வேலை நேரத்தில் பாடிய பாட்டு எது, விமானத்திற்கு ஊரார் சூட்டிய செல்லப்பெயர் என்ன, நிலம் போன வீட்டில் அன்றிரவு அடுப்பு எரிந்ததா என்பவற்றைக் கேட்டு எழுதுவதற்கு இலக்கிய வட்டம் போன்ற அமைப்புகளே உரியவை. பத்தாண்டுகளாகக் கவிதை வாசிக்கக் கூடிய செவிகளுக்குக் கேட்கத் தெரியும். பதினோராம் ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை, ஒரு குறிப்பேட்டை, ஓர் ஒலிப்பதிவுக் கருவியை இதற்கென ஒதுக்குவது பெருஞ்செலவாகாது.

மயிற்பொறியைப் பாடிய திருத்தக்க தேவர் அதைச் செய்த தச்சனையும் மறக்கவில்லை. அரசன் ஆணைப்படி பொறி அமைத்த அவனுக்கும் காப்பியத்தில் இடமுண்டு. உளுந்தூர்ப்பேட்டையின் ஓடுதளத்தைச் செய்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களுக்கு இன்னும் ஏட்டில் இடம் கிடைக்கவில்லை. கொட்டகையின் கூரையைக் கழற்றிச் சென்றவர்கள் எஃகைத்தான் கொண்டுபோயினர். அவ்விடத்தின் கதையை எவரும் கொண்டுபோகவில்லை. அது இன்னும் ஊரிலேயே இருக்கிறது. கேட்பவர் சென்றால் கிடைக்கும்.